காயிலுக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜை மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் என் வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். மெயின்டனன்ஸ் பிரிவின் புதுப் பிள்ளைகள் நான்கு பேர், கையில் இனிப்புப் பெட்டியோடு. “உங்க அனுபவத்துலேர்ந்து சார், படிச்சா எங்களுக்கு ஒரு உற்சாகம் வர்ற மாதிரி” என்றீர்கள். உற்சாகம் என்னிடம் இருப்பில் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் என்ன இருக்குமோ அதைத் தருகிறேன். பிடிக்கவில்லையென்றால் அந்தப் பக்கத்தில் வாழ்த்து விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய வேன், ஒரு பூஜை நாள், நாற்பது நிமிடம். இவ்வளவுதான் விஷயம்.

எஞ்சினைப் பற்றவைக்கும் பொறியை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒயரைச் சொருகினால் திரையில் எழுத்து வருகிறது, எழுத்து சொன்னதை மாற்றுகிறீர்கள். எங்கள் காலத்துப் பெட்ரோல் வண்டியில் பொறியைப் பார்த்தே ஆக வேண்டும். காயில் என்று ஒரு குப்பி; பேட்டரியின் கரண்டை வாங்கி இடிபோல ஆக்கிக் கொடுக்கும். அதன் வாயிலிருந்து ஒரு தடித்த ஒயர் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். அது ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கிடும். பிளக்கின் நுனியில் ஊசிமுனை அகலத்தில் நீலமாக ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு இல்லையென்றால் ஒரு டன் இரும்பும் பிணம்.

எனக்குத் தொழில் காட்டியவர் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஷெட்டில் இருந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்; என் கதையில் வந்து அவர் பெயர் கெட வேண்டாம். அவர் ஒன்று சொல்வார்: “பொறி சோம்பேறிடா. சொலபமான வழி எங்க கீதோ, அங்கதான் பூடும்.” ஏழெட்டு வருஷம் அவரிடம் இருந்து நான் சுமந்துகொண்டு வந்த சொத்து அந்த ஒரு வரி. வேண்டிய நாளில் அது நினைவுக்கு வரவில்லை.

அப்போது நான் ஒரகடத்தில், கார் பாகங்களைத் தகட்டிலிருந்து அடித்தெடுக்கும் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கு மெக்கானிக். ஃபோர்க்லிஃப்ட், ஷிஃப்ட் பஸ், இவற்றோடு முதலுதவிக்கென்று ஒரு பழைய பெட்ரோல் வேன். யாரோ ஓட்டித் தள்ளியதை வாங்கி, வெள்ளை பூசி, பின்னால் ஒரு பெஞ்சு போட்டு, பக்கத்தில் சிவப்புச் சிலுவை வரைந்திருந்தார்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ‘அவசர வாகனம் உண்டா’ என்று கேட்டால் கைகாட்ட அது வேண்டும். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால்தான் அதன் குடல் தெரியும்.

அதற்கு டிரைவர் ஏழுமலை. மண்ணூர்க்காரன், என் வயதுக்காரன், கான்ட்ராக்ட். தினமும் காலை ஏழு மணிக்கு வேனை ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நோட்டில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மழை பெய்தாலும் போடுவான், காய்ச்சலோடு வந்தும் போடுவான். “இது வண்டி இல்ல மேஸ்திரி, எங்க மாமியா. காலைல ஒரு தபா மூஞ்சியப் பாத்துட்டா அன்னிக்குப் பூரா சண்ட இல்ல” என்பான்.

அன்று ஆயுத பூஜை. நம் பக்கத்தில் அந்த நாள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லைன் நின்றிருந்தது. ஆயிலும் ஓசையும் மாதக்கணக்கில் அப்பிய சுவர்களில் மாவிலை. பத்து மணிக்கே கைக்கருவிகளுக்குப் பூஜை முடிந்துவிட்டது. என் ஸ்பானர் செட், டெஸ்டர், பிளையர் எல்லாம் சரஸ்வதி படத்துக்குக் கீழே சிவப்புத் துணியில் பொட்டோடு படுத்திருந்தன. வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். மெஷின் பூஜையும் வண்டி பூஜையும் பன்னிரண்டுக்கு மேல். வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. முதலில் மேனேஜரின் வெள்ளைக் கார், ரோஜா மாலையோடு, அதன் டிரைவர் உள்ளே ஏசி போட்டுக்கொண்டு. அடுத்து பஸ், அதற்கடுத்து எங்கள் வேன். பூஜை முடிந்து முதல் அடி எடுக்கும்போது நசுங்குவதற்காக ஒவ்வொரு டயருக்கும் ஒரு எலுமிச்சம்பழம்.

வேனைக் கழுவியவன் ஏழுமலை. கழுவுமுன் சீட்டைத் தூக்கி, காயிலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நானே பாலிதீன் சுற்றிக் கட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. கழுவி முடித்ததும் பிரித்து, பனியன் வேஸ்டால் துடைத்து, நானே பார்த்தேன். எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது.

பிறகு சந்தனம் வைத்தேன்.

மற்றவர்கள் ஸ்டியரிங்கிலும் கண்ணாடியிலும் வைப்பார்கள். எனக்கு அது போதாது. பார்க்கிறவர்களுக்காகப் பொட்டு வைப்பது ஏமாற்று, உழைக்கிறவற்றுக்கு வைக்க வேண்டும் என்று ஒரு கர்வம். அந்த வருஷம் நல்ல சந்தனம் கிடைத்திருந்தது. பன்னீர் ஊற்றித் தளர்வாகக் குழைத்து, பேட்டரிக்கு, கார்புரேட்டருக்கு, கடைசியில் காயிலின் வாயைச் சுற்றி மூன்று விரலால் தீற்றி, மேலே குங்குமம். முந்தைய வருஷங்களிலும் வைத்திருக்கிறேன். ஆனால் பூஜை போட்ட வேனை மறுநாள் காலையில்தான் ஸ்டார்ட் செய்வோம். அதற்குள் காய்ந்து உதிர்ந்திருக்கும். இந்தக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு எனக்கு அனுமதி இல்லை, நான் மெக்கானிக்.

பதினொன்றரை இருக்கும். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பிலிருந்து ஒரு சத்தம். அலறல் என்று சொல்ல முடியாது, யாரையோ ஆச்சரியத்தோடு கூப்பிடுவது மாதிரி.

முருகேசன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. குன்றத்தூரில் ஆறு பேரோடு ஓர் அறை. பூஜைக்காக பிரஸ்ஸைத் துடைத்திருக்கிறான். மின்சாரம் அணைத்தாகிவிட்டது, ஆனால் அந்தப் பெரிய சக்கரம் அணைத்த பிறகும் வெகுநேரம் தன் பாட்டுக்குச் சுற்றும். உள்ளே பொட்டு வைப்பதற்காக பெல்ட்டின் மூடியைக் கழற்றியிருந்தார்கள். துடைத்த துணியைச் சக்கரம் வாங்கிக்கொண்டது, துணியோடு கையை. வலது கையில் இரண்டு விரல்.

விரல்களை எடுத்து, பாலிதீனில் சுற்றி, டிபன் பாக்ஸில் போட்டு, ரோஸ்மில்க்குக்காக கேன்டீனில் வாங்கிவைத்திருந்த ஐஸில் புதைத்தார்கள். சீக்கிரம் கொண்டுபோனால் ஒட்டவைக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் தொழிற்சாலைக் காரிடாரில் இது பொது அறிவு. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார்கள். பக்கத்து வண்டி இன்னொரு விபத்துக்குப் போயிருக்கிறது, அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். “நம்ம வேன் இருக்கே” என்றார் மேனேஜர். முருகேசனை வேனின் பின்பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கையில் துண்டுச் சுற்று, மடியில் டிபன் பாக்ஸ். ஏழுமலை சாவியைத் திருகினான்.

எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை.

மறுபடி. மறுபடி. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நிறுத்திப் படியுங்கள். அத்தனை பேர் உங்களைப் பார்க்கும்போது உடம்புக்குள் ஒன்று நடக்கும். பயம் என்று நினைப்பீர்கள். பாதிதான் பயம். மீதி ஒரு வெறி. இவர்கள் முன்னால் இதை நான் உயிர்ப்பித்துக் காட்ட வேண்டும் என்கிற வெறி. அது வந்துவிட்டால் பின்பெஞ்சில் ஓர் ஆள் இருப்பது மறந்துபோகும். வண்டி மட்டும் இருக்கும், நீங்கள் இருப்பீர்கள்.

சீட்டைத் தூக்கினேன். ஒரு பிளக்கைக் கழற்ற ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் சரஸ்வதி காலடியில். நான் அந்தச் சிவப்புத் துணிக்கு முன்னால் போய் நின்றேன். கை நீளவில்லை. “எடுக்கலாமா?” என்று யாரையோ கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏழுமலை என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். குத்துவிளக்கு சாய்ந்தது. துணியை அப்படியே நான்கு மூலையும் சேர்த்து அள்ளினான்.

“இன்னா மேஸ்திரி சாமியாண்ட பேசினுகீற? அது ஒண்ணும் கோச்சிக்காது. கோச்சிக்கினா என்னாண்ட வரட்டும். வா சொல்றேன்!”

பிளக்கைக் கழற்றி, எஞ்சின் இரும்பில் தொட்டுப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. தண்ணீர்தான் என்று முடிவு கட்டினேன். கழுவிய வண்டி, பொறி இல்லை, வேறென்ன? நானே கட்டிய பாலிதீன், நானே துடைத்துப் பார்த்த உலர்வு, அதெல்லாம் போன இடம் தெரியவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி கத்தினேன்.

“ஏழுமலை! தண்ணிய உள்ள வுட்டியா?”

“அய்ய, நீதானய்யா கவர் கட்டின. நீதான அவுத்த!”

“டிஸ்ட்ரிபியூட்டர்ல தண்ணி பூந்திருக்கு. எத்தன தபா சொல்றது?”

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். மறுபடி சாவியில் கைவைத்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். உலர்ந்திருந்தது. அப்படியும் துடைத்தேன். பாயின்டை உப்புத்தாளால் தேய்த்தேன். மூடினேன். செல்ஃப். இல்லை. மறுபடி திறந்தேன். ரோட்டரை மாற்றினேன். இல்லை. பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக உருவிச் சொருகினேன். வேலையைத் தொடங்க வேண்டிய இடம் காயிலின் வாய். ஊற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாயில் நானே பொட்டு வைத்திருந்தேன் இல்லையா, கை தானாகவே அதை விலக்கிவிட்டது. பொட்டு வைத்த இடம் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு மூட நிம்மதி.

பின்னால் முருகேசனின் பக்கத்தில் இருந்த கூட்டாளி கேட்டான்: “ஏல, வலிக்கா?”

“வலிக்கல. குளுருது. இந்த டப்பாவ நீ கொஞ்சம் பிடியாம்ல.”

அது காதில் விழுந்தது. விழுந்தும் நான் நிமிரவில்லை.

பேட்டரி தளர ஆரம்பித்த சமயம். ஏழுமலை வெளியே நின்றபடியே உள்ளே கையைவிட்டுச் சாவியைத் திருகினான். அவன் முதுகு வெயிலை மறைக்க, எஞ்சின் மேல் நிழல் விழுந்தது. அந்த நிழலுக்குள்தான் பார்த்தேன். காயிலின் வாயிலிருந்து, ஈரச் சந்தனத்தின் மேல், ஒரு நீல நூல். குங்குமத்தைச் சுற்றி நெளிந்து, வழிந்திருந்த சந்தனத்தின் வழியாகவே கீழே இறங்கி இரும்பில் போய் ஒளிந்தது. இதுவரை பார்த்ததிலேயே அழகான பொறி. பிளக்குக்குப் போக வேண்டியது முழுவதும் என் பக்தியில் ஏறி வழிந்துகொண்டிருந்தது.

வேட்டியை இழுத்துத் துடைத்தேன். இரண்டே துடைப்பு. பனியன் வேஸ்டால் இன்னொரு முறை. “அடி” என்றேன். முதல் சுற்றிலேயே பிடித்தது.

கூட்டம் கைதட்டியது. நான் தலை நிமிர்ந்தபோது ஏழுமலை என் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கறை. பிறகு காயிலைப் பார்த்தான். சீட்டை இறக்கி, ஏறி உட்கார்ந்து, “குந்து” என்றான். நானும் ஏறினேன்.

நாற்பது நிமிடம் போயிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் பார்த்துவிட்டு, இங்கே முடியாது, சென்னைக்குப் போங்கள் என்றார்கள். சென்னையில், விரலை ஒட்டவைக்கும் டாக்டர் அப்போதுதான் வேறொரு கைக்கு ஆபரேஷனுக்குள் போயிருந்தார். அதற்கு ஆறேழு மணி நேரம் ஆகும். நர்ஸ் எங்களுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்: “பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா இவரைத்தான் முதல்ல எடுத்திருப்பாங்க.” டாக்டர் வெளியே வந்து பார்த்தபோது டிபன் பாக்ஸில் இருந்தவை விரல்களாக இல்லை.

விசாரணை மூன்றாம் நாள். ஏசி அறை, நீள மேஜை.

“வேன் ஏன் ஸ்டார்ட் ஆகலை?” என்றார் மேனேஜர்.

“பழைய வண்டி சார். காயில் ஒயர் லூஸ்.”

இதைச் சொன்னவன் நான். வாய்க்கு வந்த முதல் சொல், யாரையும் குற்றம் சொல்லாத சொல் என்று நினைத்தேன். சொற்கள் போகும் வழி நாம் நினைக்கிற வழி இல்லை.

“லூஸா இருந்திருந்தா காலைல டெஸ்ட் பண்ணும்போதே தெரிஞ்சிருக்கணுமே?”

“ஏழு மணிக்குப் போட்டேன் சார்” என்றான் ஏழுமலை. “ஒரே செல்ஃப்ல புடிச்சிச்சு. நோட்ல கீது பாருங்க.”

“நோட்ல யார் வேணா எழுதலாம். தண்ணி விட்டதா வேற சொன்னாங்க. பூஜையை வேற கலைச்சிருக்க. விளக்கைத் தள்ளியிருக்க.”

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். அவசரமில்லாமல், செல்ஃப் அடித்துவிட்டு எஞ்சின் பிடிக்கிறதா என்று காத்திருப்பவன் மாதிரி. நான் மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலின் லேபிளைப் படித்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இப்போதும் சொல்வேன். இரண்டு வாக்கியம் போதும்: சந்தனம் வைத்தது நான், வண்டி காலையில் ஓடியது. என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நான் நிரந்தரம், அவன் கான்ட்ராக்ட். இந்தக் காரணங்களையெல்லாம் அந்த அறையில் நினைத்தேன் என்று சொன்னால் பொய். வெளியே வந்த பிறகு தேடிப் பிடித்தவை. உள்ளே ஒன்றுமே இல்லை. சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலையே அவன் கேட் பாஸை வாங்கிவிட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று என்னிடம் சொன்னான்:

“நீ சொல்லுவன்னு பாத்தேன் மேஸ்திரி. சொல்லாங்காட்டியும் பரவால்ல. என் மாமியார மட்டும் பாத்துக்க. காலைல ஏழு மணிக்கு மூஞ்சி காட்டு.”

அது கேலியா, நிஜமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போது வாலாஜாபாத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒருமுறை ஏறினேன். கண்ணாடியில் பார்த்தான், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவது போலவே என்னையும் ஏற்றிக்கொண்டு போனான்.

விருப்ப ஓய்வுக்குப் பிறகு, சொல்லாமல் சாக முடியாது என்று தோன்றிய ஒரு நாளில், முருகேசனைத் தேடிப் போனேன். மண்ணூர்ப் பக்கம் ஒரு கிடங்கு வாசலில், வருகிற லாரிகளின் நம்பரை இடது கையால் எழுதிக்கொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பன்னீர், சந்தனம், நீல நூல், வேட்டி, விசாரணை. சொல்லி முடித்தபோது எனக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும்.

“ஏழுமலை அண்ணன்ட்ட இதச் சொன்னீயளா?”

“அவனுக்குத் தெரியும்.”

“தெரியும்கது வேற அண்ணாச்சி. சொல்லுகது வேற.” கிளாஸைக் கீழே வைத்தான். “சந்தனத்த விடுங்க. நீங்க வேணும்னா வச்சீய? நான் வேற ஒண்ணு கேக்கணும். இத்தன வருசமா யார்ட்டயும் கேக்கல.”

“கேளு.”

“அந்த வெள்ளக் காரு அங்கனதான நின்னுச்சு? மால போட்டு. டிரைவரு உள்ளதான் இருந்தாரு, இஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் ஜன்னல் வழியா அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். யாராச்சும் கேப்பீயன்னு.”

வெட்கமில்லாமல், “நீயே கேட்டிருக்கலாமேப்பா” என்றேன்.

“நான் வந்து ரெண்டு மாசம்தான ஆச்சு” என்றான். சிரித்தான்.

அந்தக் காரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏழுமலைக்குத் தோன்றவில்லை. சாமியின் காலடியிலிருந்து ஆயுதத்தை அள்ளத் துணிந்தவனுக்குக்கூடத் தோன்றவில்லை. மேனேஜருக்குத் தோன்றியதா, தோன்றியும் கார் சீட்டில் ரத்தம் படுமே என்று நினைத்தாரா, அது அவர் பாடு. என் பாடு வேறு. ஓடாத வண்டியைத் திறப்பதற்கு முன்னால், ஓடுகிற வண்டி எங்கே நிற்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். இருபது அடி. நான் நாற்பது நிமிடம் அந்தக் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தேன்.

இதற்கு மேல் பாடம் எதுவும் இல்லை. நீங்கள் மலரில் போடப்போகிற மற்ற பக்கங்களில் நிறைய இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முருகேசனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் இது நினைவில் மேலே வந்தது. எஞ்சின் பிடித்ததும் ஏழுமலை வேனை வரிசையிலிருந்து வேகமாக வெளியே ஒடித்தான். மேனேஜரின் கார் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை உரசினாற்போல் சுற்றிக்கொண்டுதான் கேட்டுக்குப் போக முடியும். பின்பெஞ்சில் முருகேசன், மடியில் டப்பா. எங்கள் முன் டயர் அந்தக் காரின் டயருக்கு அருகே போனபோது வேனுக்குள் ஒருவன் பதறிப்போய், “பாத்து, பாத்து, எலுமிச்சம்பழம்” என்றான். ஏழுமலை பிரேக் போட்டு, பின்னால் எடுத்து, இன்னும் கொஞ்சம் வளைத்து, காரின் பழம் நசுங்காமல் போனான்.

அப்படிச் சொன்னவன் நான்.